இம்ப்ளான்ட் பல்லும் அதைச் சுற்றியுள்ள ஈறு, எலும்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கமிருந்து, இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் ஊன்றும் இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ள வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள், அடுத்து கம்பெனியை, அப்புறம் வலிக்குமா என்று. மூன்றும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் அந்தப் பல் நெடுநாள் வாயில் நிலைக்குமா என்பது பெரும்பாலும் யாரும் கேட்காத இடத்தில் முடிவாகிறது. எலும்புக்குள் போகும் ஸ்குரூவுக்கும் வெளியே தெரியும் பல்லுக்கும் நடுவே, ஈறுக்குள் மறைந்திருக்கும் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் அந்த இடம். பல் மருத்துவராக நான் தினமும் எதிர்கொள்ளும் கேள்விகளில் அதைத் தொட்டுப் போகிறவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இம்ப்ளான்ட் என்றால் ஒரே ஒரு ஸ்குரூதானே?

இல்லை. பொதுவாக நான்கு பாகங்கள். எலும்புக்குள் இறங்கும் மரையுள்ள உடல் பகுதி ஒன்று. அதன் மேல் உட்கார்ந்து ஈறைத் தாண்டி வெளியே வரும் அபட்மென்ட் இரண்டாவது. அந்த இரண்டையும் பிடித்து இறுக்கும் சின்ன ஸ்குரூ மூன்றாவது. எல்லாவற்றுக்கும் மேலே நாம் கேப் என்று சொல்லும் பல். இடையில் சில வாரங்களுக்கு மட்டும் ஹீலிங் கேப் என்று ஒரு மூடி போடுவோம். ஈறு அதைச் சுற்றி வளர்ந்து சரியான வடிவத்துக்கு வரும்.

விலை பேசும்போது இந்த நான்கும் சேர்ந்ததா, உடல் பகுதிக்கு மட்டுமா என்று கேட்டுவிடுங்கள். நல்ல கம்பெனி உடலை வைத்துவிட்டு, மேலே வேறு ஏதோ ஓர் அபட்மென்ட்டைப் பொருத்தியிருந்தால் பெயர் மட்டும்தான் அந்தக் கம்பெனியுடையது.

எலும்பில் உலோகத்தை வைத்தால் உடம்பு ஏற்றுக்கொள்ளுமா?

டைட்டானியத்தை ஏற்றுக்கொள்ளும். ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வர் பிரோனமார்க் 1950-களில் முயல் எலும்புக்குள் டைட்டானியக் கருவி ஒன்றை வைத்து ரத்த ஓட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆய்வு முடிந்து எடுக்கப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. 1965-ல் அவர் முதல் நோயாளிக்கு டைட்டானிய இம்ப்ளான்ட் பொருத்தினார். அந்த நோயாளி 2006-ல் இறக்கும்வரை அந்தப் பற்களோடுதான் சாப்பிட்டார்.

டைட்டானியம் காற்று பட்டதும் அதன் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிறது. எலும்பு சந்திப்பது அந்தப் படலத்தைத்தான். அது உலோகத்தை அரிப்பிலிருந்தும் காக்கிறது.

சொந்தப் பல்லைச் சுற்றியுள்ள ஈறும் இம்ப்ளான்ட்டைச் சுற்றியுள்ள ஈறும் ஒன்றுதானே?

பார்வைக்கு ஒன்று போலத்தான் தெரியும். உள்ளே வேறு.

சொந்தப் பல்லில் ஈறின் நார்கள் வேரின் மேற்பரப்புக்குள் செங்குத்தாகப் புகுந்து பிடித்திருக்கும். இம்ப்ளான்ட்டில் அந்த நார்கள் உலோகத்துக்குள் புக முடியாது. அதற்கு இணையாகவும் அதைச் சுற்றி வளையமாகவும்தான் ஓடும். கழுத்துப் பட்டி போல அணைத்துக்கொண்டிருக்குமே தவிர, வேர் விட்டிருக்காது. அதனால் கிருமி ஒரு முறை உள்ளே இறங்க ஆரம்பித்தால் தடுப்பு குறைவு. சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு சவ்வு இருக்கிறது. அதன் வழியாக ரத்தக் குழாய்களும் நரம்பும் வருகின்றன. இம்ப்ளான்ட்டில் அந்தச் சவ்வே இல்லை. ரத்த ஓட்டம் குறைவு, உணர்வும் மந்தம். சோற்றில் கல் கடிபட்டால் சொந்தப் பல் உடனே விலகச் சொல்லும். இம்ப்ளான்ட் அவ்வளவு சீக்கிரம் சொல்லாது. வலியும் அப்படித்தான், மிகவும் தாமதமாக வரும். "வலி இல்லையே டாக்டர், அப்புறம் என்ன பிரச்சினை?" என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

முதல் வருஷத்தில் எலும்பு கொஞ்சம் குறையும் என்றார்கள். பயப்பட வேண்டுமா?

ஓரளவு குறைவது இயல்பு. முதல் வருஷத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் வரை, பிறகு வருஷத்துக்கு 0.2 மில்லிமீட்டருக்குள் என்பது 1986 முதல் வழங்கிவரும் அளவுகோல். இன்றைய வடிவமைப்புகளில் நல்ல முறையில் வைத்தால் இதைவிடக் குறைவாகவே கரையும்.

ஏன் கரைகிறது? எலும்புக்கு மேலே ஈறு தனக்கென்று மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்தில் ஓர் அடைப்பை உருவாக்கிக்கொள்ளும். ஈறு மெலிதாக இருந்தால் அந்த இடத்தைப் பெற எலும்பு கீழே இறங்கிக் கொடுக்கும். அதனால்தான் சிலருக்கு முன்கூட்டியே ஈறைத் தடிப்பாக்கும் சிறு சிகிச்சை செய்கிறோம், அல்லது இம்ப்ளான்ட்டைச் சற்று ஆழமாக வைக்கிறோம்.

முக்கியமான ஒன்று: பல் பொருத்திய அன்றே ஓர் எக்ஸ்ரே எடுத்து வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பிற்பாடு எலும்பு எவ்வளவு குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எடுக்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

இம்ப்ளான்ட் உடலும் அபட்மென்ட்டும் சேரும் இடத்தில் இடைவெளி இருக்குமாமே?

இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, சில மைக்ரான் அளவுதான். ஆனால் பாக்டீரியாவுக்கு அது தாராளமான வாசல். டெல்டாவில் வயல் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: வரப்பில் நண்டு வளை ஒன்று இருந்தால் போதும், மேலே வரப்பு உறுதியாகத்தான் தெரியும், தண்ணீர் கசிந்து கசிந்து உள்ளே மண் கரையும். மென்று சாப்பிடும் ஒவ்வொரு முறையும் அபட்மென்ட் நூலிழை அசைந்தால், உள்ளே தேங்கிய கிருமியும் திரவமும் ஈறுப் பக்கம் பம்ப் அடித்தது போல வெளியே வரும். ஈறு வீங்கும், எலும்பு விலகும்.

இதைக் குறைக்கத்தான் இணைப்பின் வடிவத்தை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். முதலில் இம்ப்ளான்ட்டின் தலையில் ஆறுகோணம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிறகு அது உள்ளே போனது. இன்று பலரும் விரும்புவது கூம்பு வடிவ இணைப்பு. ஒன்றுக்குள் ஒன்று இறுகி உட்காருவதால் அசைவு குறைவு, கசிவும் குறைவு. முழுக்க அடைத்துவிடும் இணைப்பு என்று எதுவும் கிடையாது.

இன்னொரு நல்ல மாற்றம், இம்ப்ளான்ட்டின் விட்டத்தைவிட அபட்மென்ட்டைக் கொஞ்சம் ஒல்லியாக வைப்பது. 1990-களில் அகலமான இம்ப்ளான்ட்டுக்குப் பொருத்தமான அபட்மென்ட் கிடைக்காமல் ஒல்லியானதைப் போட்டார்கள். வருஷங்கள் கழித்து எக்ஸ்ரே பார்த்தபோது அவற்றில் எலும்பு நன்றாக நின்றிருந்தது. இணைப்பு வாய் எலும்பின் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளிப் போனதுதான் காரணம் என்று புரிந்தது. இப்போது அது வேண்டுமென்றே செய்யப்படுகிறது.

சின்ன ஸ்குரூவைக் கையால் இறுக்கினால் போதாதா?

போதாது. டார்க் ரென்ச் என்ற அளவு காட்டும் கருவியால், அந்தக் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். பெரும்பாலும் 25 முதல் 35 நியூட்டன் சென்டிமீட்டர். இறுக்கிப் பத்து நிமிஷம் கழித்து மறுபடி ஒரு முறை இறுக்குவது நல்ல பழக்கம், ஏனென்றால் முதல் இறுக்கத்தில் உலோகப் பரப்புகள் ஒன்றோடு ஒன்று படிந்து சற்றுத் தளர்ந்துவிடும். ஸ்குரூ தளர்ந்தால் மேலே சொன்ன கசிவு பல மடங்காகும்.

பல்லை சிமென்ட் வைத்து ஒட்டுவது நல்லதா, ஸ்குரூவில் மாட்டுவது நல்லதா?

இரண்டிலும் வெற்றி பெற்றவர்கள் இருக்கிறார்கள். என் சாய்வு ஸ்குரூ பக்கம்தான். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

சிமென்ட் வைத்து அழுத்தும்போது மிச்சம் ஈறுக்குள் பிதுங்கும். சொந்தப் பல்லில் இறுக்கமான நார்கள் அதைத் தடுக்கும். இம்ப்ளான்ட்டில் பிடிமானம் தளர்வு என்பதால் சிமென்ட் ஆழமாக இறங்கிவிடும். பல்லின் விளிம்பு ஈறுக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அந்த அளவுக்கு மிச்சத்தை எடுப்பது கடினம். சில வகை சிமென்ட் எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. 2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோய் அறிகுறி காட்டிய 42 இம்ப்ளான்ட்டுகளை நுண்கேமரா வைத்துப் பார்த்தார்கள். 81 சதவீதத்தில் மிச்ச சிமென்ட் இருந்தது. அதை எடுத்த பிறகு, அவற்றில் 74 சதவீதத்தில் அறிகுறிகள் மறைந்தன.

நேரில் எப்படி இருக்கும் தெரியுமா? ஈறு செக்கச் சிவந்து, தொட்டால் ரத்தம் வரும் ஒரு கடைவாய்ப் பல்லைக் கழற்றுகிறோம் என்று வையுங்கள். அபட்மென்ட்டின் நாக்குப் பக்கம், ஈறுக்குள் மூன்று மில்லிமீட்டர் கீழே, அரிசி நொய் அளவுக்கு மஞ்சள் வெள்ளையில் ஒரு கட்டி ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் போகாது, சுரண்டினால் செதிலாகப் பெயரும். அதன் மேல் வழவழப்பாகக் கிருமிப் படலம், கூடவே ஒரு நாற்றம். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் அடங்காத வீக்கத்துக்கு அந்த நொய்தான் காரணம். எடுத்துச் சுத்தம் செய்தால் இரண்டு வாரத்தில் ஈறு ரோஜா நிறத்துக்குத் திரும்புவதைப் பார்க்கலாம்.

ஸ்குரூவில் மாட்டிய பல்லில் இந்த ஆபத்து இல்லை; தேவைப்பட்டால் கழற்றிச் சுத்தம் செய்யவும் முடியும். நடுவில் ஒரு துளை தெரியும், அதைப் பல் நிறப் பசையால் மூடுவோம். முன்பல்லில் துளை முகப்புப் பக்கம் வருமென்றால் சிமென்ட்டுக்குப் போக வேண்டியிருக்கலாம். அப்போது விளிம்பை ஈறு மட்டத்துக்கு அருகில் வைத்து, சிமென்ட்டைக் குறைவாகத் தடவி, எக்ஸ்ரேயில் தெரியும் வகையைப் பயன்படுத்தச் சொல்லிக் கேளுங்கள்.

அபட்மென்ட் எந்தப் பொருளில் இருப்பது ஈறுக்கு நல்லது?

டைட்டானியமும், ஜிர்கோனியா என்ற வெள்ளைப் பீங்கான் வகையும் நன்றாக ஒத்துப்போகின்றன. ஈறு மெலிதாக இருப்பவர்களுக்கு முன்பல்லில் டைட்டானியத்தின் சாம்பல் நிழல் தெரியக்கூடும். அங்கே ஜிர்கோனியா அழகு. ஆனால் ஜிர்கோனியா நேரடியாக டைட்டானிய இம்ப்ளான்ட்டுக்குள் உட்கார்ந்தால், கடினமான பொருள் என்பதால் உள்பக்கத்தைத் தேய்க்கும். அதனால் அடியில் டைட்டானிய அடிப்பாகம், மேலே ஜிர்கோனியா என்ற கூட்டமைப்புதான் பாதுகாப்பு.

லேபில் உலோகத்தை உருக்கி வார்த்துச் செய்யும் அபட்மென்ட்டில் எனக்குத் தயக்கம் உண்டு. வார்ப்பின் அடிப்பகுதி இயந்திரத்தில் கடைந்தது போல வழவழப்பாக வராது. பொருத்தமும் துல்லியமாக வராது. அதே கம்பெனியின் அபட்மென்ட் கேட்பது ஆடம்பரம் இல்லை. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்குக்காகத்தான் அதைக் கேட்கிறோம்.

எலும்புக்குள் இருக்கும் பகுதி சொரசொரப்பாமே, அது கிருமி தங்கும் இடம் இல்லையா?

எலும்புக்குள் இருக்கும்வரை அது வரம். மணல் பீய்ச்சி அமிலத்தில் ஊறவைத்துச் சொரசொரப்பாக்கிய பரப்பில் எலும்பு வேகமாகவும் உறுதியாகவும் ஒட்டும். எலும்பு இறங்கி மரை வெளியே தெரிந்துவிட்டால் அதே சொரசொரப்பு கிருமிக்குக் கூடாகிவிடும், சுத்தம் செய்வதும் கடினம். மரை தெரிந்த இடத்தில் பல் இடுக்கு நூல் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: நூலின் இழைகள் மரையில் சிக்கி அறுந்து உள்ளேயே நின்றுவிடும். அங்கே இடுக்கு பிரஷ்தான் சரி.

கேப் அழகாகப் பெரிதாக இருந்தால் நல்லதுதானே?

ஈறிலிருந்து பல் வெளியே வரும் கோணத்தைப் பாருங்கள். மெல்லிய தண்டிலிருந்து திடீரென்று குண்டாக விரிந்தால் அதன் அடியில் பிரஷ் போகாது. கோணம் 30 டிகிரியைத் தாண்டி, வடிவமும் புடைத்திருந்தால் எலும்புத் தேய்வு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேப் மாட்டியதும் இடுக்கு பிரஷ் ஒன்றைக் கையில் வாங்கி, அங்கேயே உங்கள் கையால் நுழைத்துப் பாருங்கள். போகவில்லை என்றால் அன்றே திருத்தச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை பாக்கு வழக்கம். இம்ப்ளான்ட் வைக்கலாமா?

கும்பகோணம் வெற்றிலை ஊருக்கே பெருமை; கொடிக்கால் வைத்துப் பிழைக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். வெற்றிலைமேல் குறை சொல்ல வரவில்லை. பிரச்சினை பாக்கும் புகையிலையும்தான். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. பாக்கு நாளடைவில் கன்னத்தின் உள்தசையை இறுக்கி வாயைத் திறக்கவிடாமல் செய்யும். இரண்டு விரல்கூட நுழையாத வாயில் கடைவாய்ப் பல்லுக்கு இம்ப்ளான்ட் வைக்கும் கருவியைக் கொண்டுபோகவே முடியாது. மெல்லுகிறவர்களுக்குக் காறை சீக்கிரம் படியும், அபட்மென்ட்டின் மேலும் படியும். புகையிலை ஈறின் ரத்த ஓட்டத்தைச் சுருக்கி, எலும்பு ஒட்டுவதையே கெடுக்கும்.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான்: புகையிலையையும் பாக்கையும் நிறுத்திவிட்டு வாருங்கள். வைத்த பிறகு நிறுத்தலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

சர்க்கரை இருக்கிறது. வைக்கலாமா?

கட்டுப்பாட்டில் இருந்தால் வைக்கலாம். மூன்று மாத சராசரியான எச்பிஏ1சி 7-ஐ ஒட்டி இருப்பது நல்லது. உடம்பில் எலும்புத் தேய்வுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சில மருந்துகள் தாடை எலும்பு ஆறுவதைத் தடுக்கும்.

பல் தேய்க்கும்போது இம்ப்ளான்ட் பக்கம் ரத்தம் வருகிறது. மெடிக்கலில் மாத்திரை வாங்கினால் போதுமா?

போதாது. மாத்திரை கிருமிப் படலத்துக்குள் புகுந்து வேலை செய்யாது; அதைக் கையால் அகற்றித்தான் ஆக வேண்டும்.

ஈறு மட்டும் வீங்கியிருந்து எலும்பு குறையாத நிலை முதல் கட்டம். சுத்தம் செய்தால் பழையபடி ஆகிவிடும். எலும்பும் கரைய ஆரம்பித்தால் அடுத்த கட்டம். அது தானாகத் திரும்பாது, வேகமும் கூடிக்கொண்டே போகும். 2017-ல் சிகாகோவில் கூடிய ஈறு மருத்துவ வல்லுநர்கள் வகுத்த வரையறைப்படி, பழைய எக்ஸ்ரே கையில் இல்லாவிட்டால், ரத்தக் கசிவோடு ஈறுக்கும் இம்ப்ளான்ட்டுக்கும் நடுவே உள்ள பள்ளம் 6 மில்லிமீட்டருக்கும் எலும்பு இறக்கம் 3 மில்லிமீட்டருக்கும் எட்டினால் அது இரண்டாம் கட்டம். அப்போது கேப்பைக் கழற்றி, ஈறைத் திறந்து, பரப்பைச் சுத்தம் செய்ய வேண்டிவரும். சில சமயம் எலும்புத் தூள் நிரப்புவோம். சில சமயம் இம்ப்ளான்ட்டையே எடுக்க நேரும்.

சொந்தப் பல்லை ஈறு நோயால் இழந்தவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். மீதிப் பற்களின் ஈறைச் சரிசெய்யாமல் இம்ப்ளான்ட் வைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

வீட்டில் எப்படிச் சுத்தம் செய்வது?

மென்மையான பிரஷ், அதோடு பிளாஸ்டிக் உறையிட்ட கம்பியுள்ள இடுக்கு பிரஷ். இரவு படுக்கும் முன் கட்டாயம். செங்கல் பொடி, சாம்பல், கரகரப்பான பல்பொடி வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எங்களிடம் வாருங்கள், சர்க்கரை இருந்தால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை. ஸ்கேலிங் செய்பவரிடம் "இது இம்ப்ளான்ட்" என்று முதலிலேயே சொல்லுங்கள். சாதாரண எஃகு முனை டைட்டானியத்தைக் கீறிவிடும்; அதற்கென்று தனி முனை உண்டு.

மகன் சிங்கப்பூரில். ஒரு மாத லீவில் வருகிறான். முடித்துவிடலாமா?

உடல் பகுதியை வைக்கலாம். எலும்பு ஒட்டக் கீழ்த்தாடையில் இரண்டு மூன்று மாதம், மேல்தாடையில் நான்கைந்து மாதம் ஆகும். எலும்பு கெட்டியாக இருந்து ஆரம்பப் பிடிமானமும் நன்றாக இருந்தால் உடனே தற்காலிகப் பல் வைக்க முடியும், எல்லோருக்கும் பொருந்தாது. விமான டிக்கெட்டை வைத்து எலும்பை அவசரப்படுத்தக் கூடாது.

டெல்டாவில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிற நிலையில் இது மிக முக்கியம்: இம்ப்ளான்ட் பெட்டியில் ஒரு ஸ்டிக்கர் வரும். கம்பெனி, மாடல், விட்டம், நீளம், லாட் எண் எல்லாம் அதில் இருக்கும். அதை ஒரு அட்டையில் ஒட்டி வாங்கி, செல்போனில் படமும் எடுத்து வையுங்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ ஸ்குரூ தளர்ந்தால் அந்த ஊர் மருத்துவருக்கு எந்தச் சாவி போட வேண்டும் என்று தெரிய வேண்டும். விவரம் இல்லாமல் பக்கத்து அளவு அபட்மென்ட்டைப் போட்டுச் சமாளித்த இடங்களில்தான் எலும்பு கரைந்ததை நான் அதிகம் பார்க்கிறேன்.

எம்ஆர்ஐ எடுக்கலாமா?

எடுக்கலாம். டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. காந்தம் வைத்து மாட்டும் பல் செட் என்றால் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

பல் லேசாக ஆடுகிறது, வலி இல்லை. பொங்கல் முடிந்து வரலாமா?

வேண்டாம், இந்த வாரமே வாருங்கள். ஆடுவது மேலே உள்ள ஸ்குரூவாக இருந்தால் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்கினால் தீர்ந்துவிடும். அரை மணி நேர வேலை. தள்ளிப்போட்டு, அதே பல்லால் கரும்பைக் கடித்தால் ஸ்குரூ உள்ளேயே முறியும். முறிந்த துண்டை எடுக்கும் வேலை பெரிது, சில சமயம் எடுக்கவே முடியாது. அதுவரை அந்தப் பக்கம் மெல்ல வேண்டாம். கையோடு வந்துவிட்டால் நீங்களே திருப்பி மாட்டாதீர்கள், பசை போட்டு ஒட்டவும் செய்யாதீர்கள். ஒரு சின்ன டப்பாவில் பல்லையும் ஸ்குரூவையும் போட்டு, அந்த ஸ்டிக்கர் அட்டையோடு எடுத்து வாருங்கள்.